மூத்தோர் முதுகெலும்பும் சிறு துளைச் சிகிச்சையும்

அறுபதைத் தாண்டிய ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால், கேட்பவர் எவரும் திடுக்கிடுவதில்லை. ஆர்.கே.பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களிலும், விவரம் தெரிந்த நாள் முதலாகத் தறியின் முன் உட்கார்ந்து மிதியை மிதித்தும் நாடாவை ஓட்டியும், பிற்காலத்தில் விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றும் குனிந்தும் ஜீவனம் நடத்திய ஒரு தலைமுறைக்கு, இடுப்பு வலி என்பது வியாதிக் கணக்கிலேயே சேராது. தொழிலோடு வந்தது, வயதோடு வளர்ந்தது என்று வலியைச் சுமப்பவரும் சொல்லுவார், பக்கத்தில் இருப்பவரும் சொல்லுவார். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அப்படிச் சொல்லப்படும் பலருள் எங்கோ ஒருவருக்கு, அந்த வலி எலும்புத் தேய்மானத்தால் அன்றி, முதுகெலும்புக்குள் குடிபுகுந்துவிட்ட கிருமியால் உண்டாகிறது. அந்த ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிவதற்கும், அவருடைய சரீரம் தாங்கக்கூடிய அளவில் சிகிச்சை செய்வதற்கும் வேண்டிய சாதனங்கள் இன்று நம் மாநிலத்திலேயே இருந்தும், அவை அவரை எட்டுவதற்கு முன்பே காலம் கடந்துவிடுகிறது என்பதே என் கவலை.

கிருமி முதுகெலும்புக்கு வந்து சேரும் வழி விசித்திரமானது. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஆறாமல் கிடக்கும் புண்ணிலிருந்தோ, முதியவர்களுக்கு அடிக்கடி வருகிற சிறுநீர்த் தொற்றிலிருந்தோ, டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயில் செருகிய குழலிலிருந்தோ புறப்படும் கிருமி, இரத்தத்தோடு பிரயாணம் செய்து முள்ளெலும்பின் ஓரத்தில் தங்குகிறது. இடுப்புக் கூட்டின் இரத்தக் குழாய்களுக்கும் முதுகெலும்பைச் சூழ்ந்துள்ள சிரைகளுக்கும் இடையே தடுப்பிதழ்களே இல்லாத ஒரு வலைப்பின்னல் உண்டு என்பதையும், அதில் இரத்தம் இரு திசைகளிலும் ஓடக்கூடும் என்பதையும் 1940-ஆம் ஆண்டில் ஆஸ்கார் பாட்சன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் விளக்கினார். மூத்திரப் பையில் தொடங்கிய உபத்திரவம் முதுகில் போய் முடிவதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுக்கு, வயது வந்தவர்களிடத்தில், சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது. எனவே அங்கே புகுந்த கிருமியைத் துரத்த உடலின் காவற்படைகளும் எளிதில் போய்ச் சேருவதில்லை, நாம் விழுங்கும் ஔஷதமும் முழு வீரியத்தோடு போய்ச் சேருவதில்லை. சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டெபிலோகாக்கஸ் முதலிய கிருமிகள் வட்டைச் சீக்கிரமே அரித்துவிடும். காசநோய்க் கிருமியோ வட்டைச் சில காலம் விட்டுவைத்து எலும்பை மெல்ல மெல்லக் கரைக்கும். காய்ச்சாத ஆட்டுப் பாலினால் வரும் புரூசெல்லா என்னும் கிருமியும் ஆடு மாடுகளோடு வாழ்பவர்களின் முதுகெலும்பைத் தேடி வருவது உண்டு.

இந்த வலிக்குச் சில லட்சணங்கள் உண்டு. படுத்து ஓய்வெடுத்தால் தேய்மான வலி தணியும்; இது தணியாது, இரவில் கூடும். சாயங்காலத்தில் மெல்லிய ஜுரம் வரும், பசி குறையும், உடல் இளைக்கும். எனினும் முதுமையில் இந்த அடையாளங்களும் மங்கிவிடுகின்றன. சர்க்கரை நோயுள்ள மூதாட்டிக்கு ஜுரமே வராமல் இருக்கலாம். இளைப்பை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைகூடச் சகஜமாக இருந்து ஏமாற்றும். இரத்தம் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரண்டு சாதாரணப் பரிசோதனைகளே, அதிகச் செலவின்றி, இந்தச் சந்தேகத்தை முதன்முதலில் எழுப்பக்கூடியவை. சந்தேகம் எழுந்த பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மற்றதைச் சொல்லும். ஆக, சந்தேகிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கேனும் ஒருவருக்கு உரிய காலத்தில் தோன்றுவதே அரிதாக இருக்கிறது.

அந்த எண்ணம் தோன்றாத வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். முதலில் தைலம், பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, பிறகு ஓர் ஊசி, ஜுரம் தெரிந்தால் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். இன்னும் சிலர் ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள புத்தூருக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். புத்தூர்க் கட்டு தலைமுறை தலைமுறையாக இந்தப் பிரதேசத்து ஏழைகளின் முறிந்த கை கால்களுக்கு ஆறுதலாய் இருந்து வருவது. அதன் மேல் ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பழிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும் முறிவுக்குக் கட்டப்படும் கட்டு கிருமிக்கு மருந்தாகாது. இவை எல்லாவற்றிலும் அதிகமான கேடு விளைவிப்பது, நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்படும் அந்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக்தான். அது கிருமியைக் கொல்லவும் கொல்லாது, பரிசோதனைச் சாலையில் வளர்த்து அடையாளம் காணவும் விடாது. கிருமி இன்னதென்று தெரியாமல் போனால், பின்னால் வரும் வைத்தியர் மாதக் கணக்கில் ஊகத்தின் பேரில் வைத்தியம் செய்ய நேரிடும். நோயாளி அபாயக் கட்டத்தில் இல்லாதபோது, இரத்தத்தையும் திசுவையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் இத்துறை வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட கிரமம்.

நோய் இன்னதென்று தெரிந்து, மருந்து மட்டும் போதாது, சீழை அகற்ற வேண்டும் என்ற நிலை வந்தாலும், அடுத்த தடை குடும்பத்திலிருந்தே எழுகிறது. "ஐயா, இந்த வயசுல அத்தையை அறுத்துப் போட்டுக் கஷ்டப்படுத்தணுமா?" என்று மருமகள் கேட்கும் கேள்வி கருணையில் பிறந்தது, சில காலம் முன்பு வரையில் அது நியாயமான கேள்வியாகவும் இருந்தது. பழைய முறை அறுவையில், முதுகின் நடுவே நீளமாகக் கீறி, முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைகளை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கி, அல்லது மார்பையோ வயிற்றையோ திறந்து முன்புறமாகச் சென்று, அழுகிய எலும்பைச் சுரண்டி எடுத்து, வேற்றிடத்து எலும்பை வைத்து, உலோகத் தண்டுகளால் பிணைப்பார்கள். இளைஞர் அதைத் தாங்குவார். இருதயம் தளர்ந்து, சிறுநீரகம் குன்றி, சர்க்கரை ஏறி இறங்கும் எழுபது வயதுச் சரீரம், பல மணி நேர மயக்க மருந்தையும் இரத்த நஷ்டத்தையும் தாங்குமா என்று அஞ்சுவதில் பிசகு என்ன? ஆனால் அறுக்காமல் படுக்கையிலேயே வைத்திருப்பதும் முதியவர்களுக்குச் சமமான ஆபத்து என்பதை நாம் மறந்துவிடுகிறோம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் முதியவரின் தசைகளைக் கரைக்கிறது. புட்டத்தில் படுக்கைப் புண் வைக்கிறது. நெஞ்சில் சளி கட்டிக் கபவாத ஜுரமாக மாறுகிறது. காலின் சிரையில் இரத்தம் உறைகிறது. இரவும் பகலும் தெரியாமல் சித்தம் கலங்குகிறது. முதுகில் வந்த வியாதிக்குத் தப்பியவர் படுக்கையில் வந்த வியாதிக்குப் பலியாவது உண்டு.

இந்த இரு ஆபத்துகளுக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்திருப்பதுதான் சிறு துளை அறுவை. அதன் கிரமத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். பல சமயங்களில் முழு மயக்கம் கொடுப்பதில்லை, துளையிடும் இடத்தை மரக்கச் செய்து லேசான அரைத் தூக்கத்தில் வைத்திருப்பார்கள், ஏனெனில் கருவி நரம்பின் அருகே போனால் காலில் வலிக்கிறது என்று அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே யந்திரம் கணத்துக்குக் கணம் எலும்பின் உருவத்தைத் திரையில் காட்ட, நடு முதுகிலிருந்து சற்று விலகி, விலாப்புறமாக ஒரு நீண்ட ஊசி நுழைகிறது. நரம்புக்கும் எலும்புக்கும் இடையே இயற்கை விட்டுவைத்திருக்கும் ஒரு சிறு முக்கோண இடைவெளி வழியாக அது வட்டைச் சேர்ந்ததும், அதன் உள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, கம்பியின் மேல் ஒன்றை விட ஒன்று பருத்த குழல்களை ஏற்றித் தசை நார்களைக் கிழிக்காமல் விலக்கி, கடைசியில் ஏறக்குறையப் பென்சில் பருமனுள்ள ஒரு குழலை நிறுத்துகிறார்கள். அதற்குள் கண்ணாடிக் கண்ணுள்ள எண்டோஸ்கோப் போகிறது. உப்பு நீர் ஓடிக்கொண்டே இருக்க, சீழும் செத்த வட்டுத் துணுக்குகளும் சிறு இடுக்கியால் எடுக்கப்படுகின்றன. எடுத்ததில் ஒரு பங்கு கிருமி வளர்ப்புக்கும், ஒரு பங்கு காசநோயைச் சில மணி நேரத்தில் கண்டு சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும், ஒரு பங்கு நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் போகும். தேவையானால் மிச்சச் சீழ் வடிய ஒரு மெல்லிய குழாயை விட்டு வைத்துத் துளைக்கு ஒன்றிரண்டு தையல் போட்டுவிடுவார்கள். நோயறிதலும் சிகிச்சையும் ஒரே துளையின் வழியே நடந்துவிடுகின்றன என்பதை இம்முறையின் தலையாய குணமாக நான் கருதுகிறேன்.

எலும்பு நொறுங்கி முதுகு தள்ளாடும் நிலையில் உள்ளவர்களுக்கு, தசையை உரிக்காமலே, தோலில் இட்ட சிறு கீறல்கள் வழியாகத் திருகாணிகளையும் தண்டுகளையும் செலுத்தி எலும்புகளைப் பிணைக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்துள்ளது. தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசையில் சீழ் கட்டியிருந்தால், ஸ்கேன் வழிகாட்ட ஒரு குழாயைச் செருகியே அதை வடித்துவிடலாம். அறுந்த இழை ஒன்றைத் தேடி முடிச்சிடும் நெசவாளி அதற்காகப் பாவு முழுவதையும் வெட்டிவிடுவதில்லை. அந்த நிதானம் இப்போது அறுவைச் சாலைக்கும் வந்திருக்கிறது. இரத்த நஷ்டம் குறைகிறது, வலி குறைகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி சீக்கிரம் எழுந்து உட்காருகிறார். எழுந்து உட்காருவது என்பது முதியவருக்குப் பாதி உயிர்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. தண்டுவடத்தைச் சீழும் எலும்புத் துண்டுகளும் நெரித்துக் கால்கள் செயலிழந்து வரும்போதும், முதுகு பெரிதாகக் கூனிவிட்டபோதும், திறந்து செய்யும் அறுவையே தேவைப்படலாம். அந்த நேரத்தில் சிறு துளை வேண்டும் என்று பிடிவாதம் செய்வது உயிரோடும் கால்களோடும் விளையாடுவது. முதியவர்களின் எலும்பு சுண்ணம் குன்றிப் புரையாகிவிட்டிருந்தால் திருகாணி பிடிக்காமல் தளரும். எக்ஸ்ரேயின் துணையோடு கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கருவியை ஓட்டும் திறமை பல கால அப்பியாசத்தால் மட்டுமே கைகூடும். நகரத்துச் சுவர்களில் 'தழும்பில்லாத ஆபரேஷன்' என்ற ரீதியில் எழுதப்படும் விளம்பரங்களைக் கண்டு மயங்குபவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: தழும்பின் நீளம் நோயாளிக்கு முக்கியமல்ல, சீழ் முழுவதும் போயிற்றா, கிருமி இன்னதென்று தெரிந்ததா, கால் நடக்கிறதா என்ற மூன்றுமே முக்கியம். மேலும், எத்தனை பேர்களுக்கு அறுவையே வேண்டியதில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. காலம் தவறாமல் கண்டுபிடிக்கப்பட்ட முதுகெலும்புத் தொற்றுகளில் பலவும் மருந்தினாலேயே குணமாகின்றன.

அந்த உண்மையை உலகத்துக்கு நிரூபித்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மவர்கள் அதை அறியாதிருப்பது எனக்கு வருத்தம். 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், சென்னை நகரத்து ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறு பாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறையச் சமமாகக் குணமானார்கள், அவர்களால் குடும்பத்தினருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை என்ற முடிவு 1959-இல் வெளியானபோது, உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று. பிறகு அதே நிலையம் முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொண்டு, பெரிய அறுவையோடு ஆறு மாத மருந்து பெற்றவர்களையும், அறுவையே இன்றி நடமாடிக்கொண்டு ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மட்டும் உண்டவர்களையும் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 1999-இல் வெளிவந்த அதன் முடிவில், நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் கூட்டத்தில் 90 சதவீதம்; ஆறு மாத மருந்துக் கூட்டத்தில் 94 சதவீதம்; ஒன்பது மாத மருந்துக் கூட்டத்தில் 99 சதவீதம். இதற்கு முன்னரே 1970-களில், காசியில் எஸ்.எம். துலி என்ற எலும்பு வைத்திய நிபுணர், எல்லோருக்கும் மருந்து, தேவையானவர்களுக்கு மட்டும் அறுவை என்ற நடுநிலை மார்க்கத்தை வகுத்திருந்தார்.

பிற நாடுகளிலும் அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் இதே திசையில்தான் செல்கின்றன. முதுகெலும்பில் சீழ்க் கிருமித் தொற்று வந்தவர்களுக்கு ஆறு வார ஆன்டிபயாடிக் பன்னிரண்டு வாரத்துக்குத் தாழ்ந்ததல்ல என்று பிரான்ஸ் தேசத்து ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியது. எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் தக்க மாத்திரைகள் நரம்பில் ஏற்றும் மருந்துக்குச் சமம் என்று ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் சொன்னது. ஆர்.கே.பேட்டையிலிருந்து சென்னைக்கோ, வேலூருக்கோ, திருப்பதிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கும் ஒரு மூதாட்டிக்கு இந்தச் செய்திகளின் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆறு வாரம் கையில் ஊசியோடு நகரத்து வார்டில் கிடக்க வேண்டிய அவர், துளை ஆறியதும் வீடு திரும்பி, மகனும் மருமகளும் தறி ஓட்டும் கூடத்தின் ஓரத்திலேயே கட்டில் போட்டு மாத்திரையோடு குணமாகலாம். ஆனால் எந்த மாத்திரை என்று தீர்மானிக்கக் கிருமி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்; எத்தனை வாரம் என்று தீர்மானிக்கவும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் சீழ்க் கிருமிக்கு வாரக் கணக்கு, காசநோய்க்கோ இந்நாட்டு வழிகாட்டு நெறிகளின்படி 12 மாதம். சுலபமான சிகிச்சைகள் அனைத்தும் இவ்வாறு ஒரு துளித் திசுவைச் சரியான நாளில் எடுத்துச் சோதிப்பதையே நம்பி நிற்கின்றன.

ஆகவே அரசாங்கத்திடம் நான் கேட்பது மலைக்க வைக்கும் பெருந்திட்டம் எதையும் அல்ல. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. இந்த நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடிய சர்க்கரை நோயுள்ள முதியவர்களின் பெயர்ப் பட்டியல் அதன் பணியாளர் கையிலேயே இருக்கிறது. மாத்திரையைக் கொடுக்கும்போது, "ராத்திரி படுத்தாலும் முதுகு வலி விடலையா பாட்டி? சாயங்காலம் ஜுரம் அடிக்குதா? கால் மரத்துப் போகுதா? மூத்திரம் போறதுல சிரமம் உண்டா?" என்று அந்தப் பணியாளர் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆம் என்ற விடை வந்தால் திருத்தணி அரசு மருத்துவமனையில் அந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் இரத்தக் கிருமி வளர்ப்புக்கு மாதிரி எடுப்பதும் அன்றைக்கே நடக்க வேண்டும். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ மறுநாள் என்று தள்ளாமல் அந்த இரவே 108 வண்டியில் ஏற்ற வேண்டும்.

2022-இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில், ஸ்கேன் உதவியோடு முதுகெலும்பிலிருந்து ஊசி வழித் திசு எடுக்கும் வசதியும் அதற்குப் பயின்ற வைத்தியரும் வாரத்தின் எல்லா நாட்களிலும் இருக்கும்படி செய்ய வேண்டும். எண்டோஸ்கோப் அறுவையைக் கற்பிக்கும் பொறுப்பைச் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் ஏற்று, மாவட்டக் கல்லூரி வைத்தியர்களைத் தங்கள் அறுவைச் சாலையில் மாதக் கணக்கில் நிற்க வைத்துப் பழக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய அறுவைக்கு நிர்ணயிக்கப்படும் தொகை, ஆபரேஷனோடு முடிந்துவிடாமல், பின்னர் வரும் வாரங்களின் மாத்திரைகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் உடற்பயிற்சிச் சிகிச்சையையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். காசநோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம். 2018 முதல் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக வந்துகொண்டிருந்த மத்திய அரசின் உதவித் தொகையும் 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாயிற்று. வேறு கிருமி என்று தெரிந்த நோயாளிக்கு அப்படி எந்தச் சகாயமும் இல்லை. அவருக்கும் பசி உண்டு, அவர் எலும்பும் வளர வேண்டும்.

1960-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு ஒரு வகையாகத் தீர்ந்தது. ஆனால் இங்குள்ள நோயாளிகள் இன்றும் அந்தக் கோட்டைக் கடந்து போகிறார்கள், வருகிறார்கள், ஒவ்வோரிடத்திலும் எடுத்த ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும் வெவ்வேறு பைகளில் கிடக்கின்றன. திருப்பதியில் திசு எடுக்கப்பட்டவரின் கிருமி வளர்ப்பு முடிவு திருத்தணி வைத்தியர் கையில் ஒரு வாரத்துக்குள் கிடைக்கும்படி இரு மாநில சுகாதாரத் துறைகளும் ஏற்பாடு செய்துகொள்வது சிரமமான காரியம் அல்ல. அறுவை முடிந்த முதியவர் ஆறாம் வாரம் சி.ஆர்.பி. பார்ப்பதற்காக மறுபடி சென்னைக்கோ வேலூருக்கோ பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியதில்லாமல், ஆர்.கே.பேட்டையிலேயே இரத்தம் கொடுத்து, திருத்தணியிலேயே முடிவைத் தெரிந்துகொள்ளும்படி இந்த நிதியாண்டிலேயே செய்துவிடலாம்.